தட்டுப் பேய்

“இன்னைக்கே அந்தக் கேமை எடுத்துருங்க திருமூர்த்தி, பொழுது சாயறதுக்குள்ள...”

“எடுக்கறதா? அக்கா, மூணே நாள்ல ஆறு லட்சம் பேரு...”

“ஆறு லட்சம் பேரு பார்த்தா அது நல்லதாயிருமா? ஒரு மனுசனை நடு பஸ் ஸ்டாண்டுல போட்டு மிதி மிதின்னு...”

“பார்க்கலீங்க்கா, வாங்கியிருக்காங்க! ஆறு லட்சம் பேரு வாங்கியிருக்காங்க. அதைக் காதுல போட்டுக்கங்க முதல்ல.”

“நீங்க முதல்ல வாயில இருக்கற பப்ஸை முழுங்கிட்டுப் பேசுங்க.”

திருமூர்த்தி முழுங்கினான். சட்டையில் உதிர்ந்திருந்த துகளைத் தட்டிவிட்டான். அது தமயந்தியின் கீபோர்டில் போய் விழுந்தது.

தமயந்தி கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். இத்தனைக்கும் அவள் அப்படியொன்றும் சுத்தம் பார்க்கிறவள் இல்லை. திருப்பூரில் இருபது வருடம் பனியன் கம்பெனிகளில் சாயத் தண்ணீர் வாடைக்கு நடுவே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவள்தான். ஆனால் மூன்று நாளாக இந்த ஆபீசில் எதைத் தொட்டாலும் பிசுபிசுவென்று இருக்கிறது. தண்ணீர் பாட்டில், நாற்காலியின் கை, மேஜை, எல்லாம்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் நாலாவது மாடி. வீடியோ கேம் தயாரிக்கும் ஸ்டுடியோ. முதலாளி திருமூர்த்திக்கு முப்பத்தெட்டு வயது, தமயந்திக்கு ஐம்பத்து நான்கு. அவள் வேலைக்கு அடையாள அட்டையில் ஏதோ நீளமான பெயர் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆபீசில் எல்லோருக்கும் அவள் ‘கட்டிங் அக்கா’. பனியன் கம்பெனியில் துணி வீணாகாமல் வெட்டுக்கோடு வரைந்து, அதாவது மார்க்கர் போட்டு, வெட்டினாளே, அதைத்தான் இங்கேயும் செய்கிறாள். அங்கே துணி, இங்கே நினைவகம். கேம் ஆடுகிறவன் வீட்டுக் கிராஃபிக்ஸ் கார்டில் எட்டு ஜிபி இருக்கும். பத்து வருடமாக அதே எட்டுதான். நினைவகச் சில்லுகளை எல்லாம் பெரிய கம்பெனிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவதால் சாதாரணக் குடும்பத்துக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது. ஸ்டுடியோ உருவாக்குகிற உலகமோ முப்பது ஜிபிக்குக் குறையாது. முப்பதை எட்டுக்குள் திணிக்க வேண்டும். எதை வெட்டுவது, யாரை வெட்டுவது என்று முடிவு செய்கிறவள் தமயந்தி.

யாரை என்பதில்தான் இப்போது சண்டை.

“மாரப்பனுக்கு மூணு விலா எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுத்திப் போலீஸ் காவல். அறுபது வயசு மனுசன். மில்லு மெஸ்ஸுல பொழுதுக்கும் சோறு வடிக்கறவரு.”

“கும்பல் அடிச்சதுக்கு நான் என்னங்க்கா பண்ணுவேன்? நானா போய் அடிச்சேன்?”

“உங்க கேமைப் பார்த்துட்டுத்தான அடிச்சாங்க? ‘தட்டுப் பேயைக் கொன்னவன் இவன்தான்’னு போன்ல படம் எடுத்துக்கிட்டே அடிச்சிருக்கானுங்க. அந்த மூஞ்சி அவரோடது. அந்த ஆளு அவரு இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்தான அந்த மூஞ்சியை ஒட்டுனவ!”

அந்தக் கேமுக்கு ‘மூன்றாம் ஷிப்ட்’ என்று பெயர். பயமுறுத்துகிற வகை. ஆடுகிறவன் ஒரு நூற்பாலைக்குள் யார் கண்ணிலும் படாமல் நாற்பது நாள் ஒளிந்து திரிய வேண்டும். ஆலை கற்பனை இல்லை. உடுமலைப் பக்கம் நிஜமாக ஓடிக்கொண்டிருக்கிற ஆலை. வரைந்த உலகத்தை இப்போது யாரும் சீந்துவதில்லை. நிஜ வெளிச்சம் வேண்டும், நிஜ ஆட்கள் வேண்டும். ஆகவே ஆலை முதலாளியிடம் ஒப்பந்தம் போட்டு, ஓட ஓட அந்த ஆலையை நாற்பது நாளும் அப்படியே பதிவு செய்தார்கள். மூலைக்கு மூலை கேமரா. கேமரா எட்டாத சந்துபொந்துகளுக்கு முதுகில் மூட்டை மாட்டிய இரண்டு பேர். மூட்டையிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் கோல், கோல் நுனியில் தேங்காய் அளவு கேமரா உருண்டை. இவர்களுக்கு ஸ்டுடியோவில் ‘மூட்டைக்காரர்கள்’ என்று பெயர். இப்படித்தான் ஆலையில் இருந்த எண்பத்தாறு பேரும் தங்கள் நடை, இருமல், சண்டை சகிதம் கேமுக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டார்களா? ஆலை ஹாஸ்டலில் அடைந்து கிடக்கிற பெண்பிள்ளைகளிடம் யார் எதற்குச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள், இதற்குக் கேட்க!

எண்பத்தாறு பேருக்கும் எண்பத்தாறு உடம்பு வைத்தால் கார்டு மூச்சுத் திணறிப்போகும். அதனால் தமயந்தி வழக்கமான வேலையைச் செய்தாள். ஒரே உடம்பை எடுத்துப் பலருக்கு மாட்டிவிட்டாள். நடப்பதும் குனிவதும் கையை வீசுவதும் அவரவருடையது. அதற்கு இடம் கொஞ்சம்தான் பிடிக்கும். தோலும் முகமும் சட்டையும்தான் அடைக்கும். அதற்கு ஒரு ஆள் போதும். பதினான்கு ஆண்களுக்கு ஒரே முகம், மாரப்பன் முகம். பதிவின்போது மற்றவர்கள் எல்லோரும் அசைந்துவிட்டார்கள். அவர் ஒருவர்தான் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றிருந்தார். முகம் அச்சாக விழுந்திருந்தது. ஒழுங்காக நின்றதற்கு அந்த மனுஷனுக்குக் கிடைத்தது மூன்று விலா எலும்பு.

“சரி, நான் ஸ்டேஷனுக்குப் போறேன்,” என்றாள் தமயந்தி. “அந்த முகம் பொய்னு எழுதிக் குடுக்கறேன்.”

“போங்க.” திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரல் திடீரென்று தணிந்தது. “தாராளமா போங்க்கா. அப்புறம் என்ன ஆகும்? மில்லு வக்கீல் அடுத்த கேள்வி என்ன கேப்பான்? ‘முகம் பொய்னா பொண்ணு மட்டும் எப்படி நிஜம்? எல்லாமே இவங்க செஞ்ச பொம்மை’ம்பான். அந்தப் புள்ள மோனிஷா படிக்கட்டுல வழுக்கி விழுந்து செத்துப்போச்சுன்னு மில்லு எழுதிக் குடுத்திருக்கு. கேஸை மூடியாச்சு. யாரோ புடிச்சுத் தள்ளுனாங்கங்கறதுக்கு நம்ம கேமுல மெஸ் தட்டுல பேய் மாதிரி அது தெரியுதே, அந்தத் தட்டைத் தவிர உலகத்துல வேற சாட்சி இல்லை. பெத்தவகிட்ட இருந்து அதையும் புடுங்கறீங்களா?”

இந்த இடத்துக்கு வந்தால்தான் மூன்று நாளாகத் தமயந்திக்கு வழி அடைத்துப்போகிறது. மாரப்பனைக் காப்பாற்றப் போனால் செத்தவள் இரண்டாம் முறை சாகிறாள். செத்தவளுக்காகப் பேசாமல் இருந்தால் உயிரோடு இருக்கிற கிழவன் உள்ளே போகிறான்.

“அந்தப் புள்ளையை அழிக்கச் சொன்னதே நீங்கதான,” என்றாள் கடைசியில். “வெளியிடறதுக்கு முந்தின வாரம் வந்து, ‘இருநூத்திப் பன்னண்டு எம்பி அடைக்குது, தூக்கிருங்க்கா’ன்னீங்க.”

“ஆயிரம் சொல்லுவேன், எல்லாம் ஞாபகமா இருக்கும்? செத்துப்போன புள்ள கேமுக்குள்ள நடமாடறது மரியாதையில்லைன்னு சொல்லியிருப்பேன்.”

“எம்பின்னுதான் சொன்னீங்க. மரியாதைன்னு சொல்லலை.”

“எதுவா இருந்தா என்ன? ஒழுங்கா அழிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்லை. தப்பு உங்களோடது. நல்லவேளை, நல்ல தப்பு.” சிரித்துக்கொண்டே எழுந்தான். “கேமோட சேர்த்து விக்கறதுக்கு அடிச்ச தட்டு சாம்பிள் வந்திருக்கு. மொத்தம் ஐயாயிரம். வந்து பாருங்க, கோபம் போயிரும்.”

வெளியே போனான். ஐந்தடி மூன்றங்குலம்தான் இருப்பான், தலைக்கு மேல் நிலைச்சட்டம் இரண்டு அடி தள்ளி இருக்கிறது. இருந்தும் வாசலில் தலையைத் தாழ்த்தி, முழங்காலை மடித்து, தாண்டிய பிறகு நிமிர்ந்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தமயந்தி சிரித்ததில்லை. தொழிலின் ஆரம்பத்தில் மூட்டை சுமந்தவன். கேமரா உருண்டை நிலையில் மோதிவிடுமோ என்ற பயம், முதுகில் மூட்டை இல்லாதபோதும் போவதில்லை. தையல்காரர்களுக்குக் கழுத்து வளைந்துவிடுகிற மாதிரி.

தட்டைப் பார்க்க அவள் போகவில்லை. தட்டே அவளைத் தேடி வந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு கையில் எவர்சில்வர் தட்டும் மறு கையில் ஃபிளாஸ்க்குமாக வாசலில் நின்றாள்.

“அக்கா, பாருங்க்கா செமயா இருக்கு. சூடா ஊத்துனா மூஞ்சி வரும்!”

வெந்நீரை ஊற்றினாள். தட்டின் அடியில் மெல்லக் கறுப்பேறி, ஒரு பெண்ணின் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, திறந்த வாய் தெரிந்தது. ஓரத்தில் கேமின் பெயர். சாம்பாரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, வழித்துத் தின்னத் தின்ன அடியிலிருந்து ஒரு செத்த பெண் அலறுவாள். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடியும் எடுப்பார்கள்.

“கொண்டுபோய்க் கொட்டு அதை,” என்றாள் தமயந்தி.

“ஏன்க்கா, பிடிக்கலையா? ஐயோ, சொல்ல மறந்துட்டேன். உங்களைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்காங்க. பாண்டீஸ்வரின்னு பேரு, ஒட்டன்சத்திரத்துல இருந்து வர்றாங்களாம்.”

அந்த அம்மா அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கையில் மஞ்சள் துணிப்பை. கண் அந்தத் தட்டில் இருந்தது. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. முகம் வாயிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. நெற்றியும் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது எம்புள்ள மாதிரியே இல்ல,” என்றாள். “அவளுக்கு நெத்தி இம்புட்டுத்தான் இருக்கும்.”

வரவேற்புப் பெண் ஃபிளாஸ்க்கையும் தட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

“உக்காருங்க அம்மிணி,” என்றாள் தமயந்தி. தன் நாற்காலியையே கொடுத்தாள்.

“உங்களைத்தான் தேடி வந்தேன். கேமு முடியயில பேரு ஓடுதுல்ல, அதுல ‘நினைவகம், தமயந்தி’ன்னு போட்டிருந்துச்சாம். எங்க அக்கா மகன் வாசிச்சுச் சொன்னான். மத்தவங்களுக்கு ஞாபகம் இல்லாட்டியும் இந்த அம்மாவுக்கு இருக்கும்னு வந்தேன்.” துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். “எம்புள்ளையைத் தட்டுல காட்டுறீங்க, ஈரத் தரையில காட்டுறீங்க, தண்ணித் தொட்டியில காட்டுறீங்க. நேரா ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?”

“நேரா இருந்துச்சு அம்மிணி. நான்தான் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டா எப்படித் தட்டுல தெரியும்?”

தமயந்தி தரையில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். இதை இதுவரை யாருக்கும் சாதாரணப் பேச்சில் சொல்லிப் பார்த்ததில்லை.

“கம்ப்யூட்டர் ரெண்டு பட்டியல் வெச்சிருக்கும். கண்ணுக்கு நேராத் தெரியறதுக்கு ஒண்ணு. தட்டு, தண்ணி, கண்ணாடியில பட்டுத் தெரியறதுக்கு இன்னொண்ணு. ரெண்டாவதுல வெளிச்சத்தோட வழியைப் புடிச்சுக்கிட்டுப் போகும். நம்ம கண்ணுல இருந்து கிளம்பி, தட்டுல மோதி, அங்கிருந்து திரும்பி எங்க போகுது, யாரு மேல படுதுன்னு இழை இழையாத் தேடும். அந்தப் பட்டியலைத் திருப்பிக் கட்டறதுக்கு ஒம்பது மணி நேரம் ஆகும். வெளியிட அவசரம், கட்டாம விட்டுட்டேன். முதல் பட்டியல்ல உங்க புள்ள இல்லை. ரெண்டாவதுல இருக்கா.”

பாண்டீஸ்வரி இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கினாள்.

“அப்ப, நீங்க செய்யாம விட்ட வேலையிலதான் எம்புள்ள மிஞ்சியிருக்கா.”

“ஆமா.”

“சரி, அது கெடக்கட்டும். மாரப்பண்ணன் மூஞ்சி அங்க எப்படி வந்துச்சு? அவரு இதைச் செய்யலம்மா. எம்புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனது அவருதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே அங்க நின்னு அழுதுக்கிட்டு இருந்தாரு. சட்டையெல்லாம் ரத்தம். அதைத் தொவைக்கக்கூட இல்ல, காரியத்தன்னைக்கும் அதே சட்டையோடதான் வந்தாரு.”

“பதினாலு பேருக்கு அவரு மூஞ்சியை மாட்டியிருக்கேன் அம்மிணி.”

“எதுக்கு?”

“இடம் பத்தலை.”

“எங்க?”

“கார்டுல. கேமு ஆடறவங்க வீட்டுல இருக்கற கார்டுல. எட்டு ஜிபிதான் இருக்கும்.”

“அது பெருசா, சிறுசா?”

“சிறுசு.”

“சிறுசுக்காகவா?” என்று கேட்டாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பிறகு திருமூர்த்தி கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள். ஆனால் அவன் மடக்குவதற்குக் கேட்டான், இவள் பயந்துகொண்டே கேட்டாள். “மூஞ்சி பொய்யின்னு சொன்னா, எம்புள்ளையும் பொய்யின்னு சொல்லிருவாங்கல்ல?”

“சொல்லுவாங்க. மூஞ்சி மட்டுந்தான் பொய். நடக்கறது, குனியறது, கையை வீசறதெல்லாம் அவனவனோடது. அதை நான் தொடலை.”

சொல்லி முடித்த பிறகுதான் தமயந்திக்குத் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது. பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். தோலை வெட்டியிருக்கிறாள், ஒட்டியிருக்கிறாள். உள்ளே நடக்கிற ஆளை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாளா? சட்டையை வெட்டுகிறவளுக்குப் போடுகிறவன் யாராக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டாள்.

“அப்ப நடையைக் காட்டுங்க,” என்றாள் பாண்டீஸ்வரி.

“பார்க்க முடியுமா உங்களால?”

“ஆறு லட்சம் பேரு பார்த்திருக்கான். நான் பார்த்தா என்ன?”

தமயந்தி திரையில் இருபத்து மூன்றாம் நாளை எடுத்தாள். மாலை நாலு பத்து. மெஸ் ஹால் காலியாக இருந்தது. சுவரோரம் தட்டு அடுக்கும் கம்பி ஸ்டாண்டு. மூலையில், மாரப்பன் முகத்தோடு ஒரு ஆள் வெறும் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். முதல் நாள் இதைப் பார்த்தவர்கள் ஏதோ கோளாறு என்று கேலி செய்திருந்தார்கள். அப்புறம்தான் யாரோ தட்டைப் பார்த்தான்.

“அந்த மூலைக்குக் கேமரா எட்டாது,” என்றாள் தமயந்தி. “எங்க மூட்டைக்காரங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது தெரியும். எட்டாத மூலையைக்கூட, தட்டு மேல பட்டுத் திரும்புன வெளிச்சத்தை வெச்சுக் கம்ப்யூட்டரே கட்டிரும். இருங்க, அந்தத் தோலை உரிச்சுட்டுக் காட்டறேன்.”

இரண்டு பொத்தானைத் தட்டினாள். மாரப்பன் முகம் கழன்றது. சட்டை கழன்றது. துணிக்கடை வாசலில் நிற்குமே, அதுபோல முகமில்லாத ஒரு சாம்பல் பொம்மை நின்றது. தமயந்தி பார்வையைக் கம்பி ஸ்டாண்டுக்குத் திருப்பி, நடுத் தட்டைப் பெரிதாக்கினாள்.

தட்டில் மோனிஷா இருந்தாள். பச்சைத் தாவணி, தலையில் பஞ்சுத் தூசி. ஒரு கை பொம்மையின் பிடியில் இருந்தது. இன்னொரு கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடப் பார்த்தாள். பொம்மை குனிந்து ஏதோ சொன்னது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை உதறினாள், கை விடுபட்டது, ஒரு அடி நகர்ந்தாள். பொம்மை இரண்டு கையாலும் அவள் தோளில் ஓங்கித் தள்ளியது. பின்பக்கக் கதவு திறந்து, அவள் முதுகு முன்னே போக, தட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் கதவுக்கு அப்பால் படிக்கட்டு.

பாண்டீஸ்வரி துணிப்பையின் காதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பொம்மை அங்கேயே நின்றது. எட்டிப் பார்த்தது. உள்ளங்கையைப் பின்னால் துடைத்துக்கொண்டது. பிறகு அவசரமில்லாமல் ஹாலைக் கடந்து முன்வாசலுக்கு வந்தது. பஞ்சு மூட்டை வண்டி நுழைவதற்காகக் கட்டிய வாசல், பத்து அடி உயரம். அந்த வாசலில் பொம்மை தலையைத் தாழ்த்தி, முழங்காலை மடித்து, தாண்டிய பிறகு நிமிர்ந்தது.

“இவனா!” என்றாள் பாண்டீஸ்வரி. பையின் காது வாயிலிருந்து விழுந்தது. “இவன் அவன்தான!”

“யாரு அம்மிணி?”

“எம்புள்ள போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ‘படம் புடிக்க ஒரு ஆளு வந்திருக்காரும்மா. பத்தடி வாசல்லகூடக் குனிஞ்சுதான் வருவாரு. சாமி வருது சாமி வருதுன்னு நாங்க எல்லாம் ஓட்டுவோம்’னு. அடுத்த வாரம் நானே கேட்டேன், உங்க சாமி எப்படி இருக்காருன்னு. ‘அந்தாளு பேச்சை எடுக்காதம்மா’ன்னா. ஏன்டி என்னன்னு நான் கேட்டிருக்கணும். அடுப்புல பால் இருந்துச்சு. போனை வச்சுட்டேன்.”

தமயந்தி எழுந்தாள். இழுப்பறையிலிருந்து நீள நோட்டை எடுத்தாள். மார்க்கர் போடும் காலத்திலிருந்து வருகிற பழக்கம், எந்தத் துண்டு எங்கே போயிற்று என்று கையால் எழுதி வைப்பாள். கம்ப்யூட்டரில் பழைய உடம்புகளை எல்லாம் அழித்தாகிவிட்டது. நோட்டில் இருக்கும். ‘மாரப்பன் முகம்’ என்று தலைப்பு. அதன் கீழே பதினான்கு எண்கள். மெஸ் ஹாலில் குனிந்த பொம்மையின் எண் முப்பத்தொன்று. முப்பத்தொன்றுக்கு நேராக அவளுடைய சொந்தக் கையெழுத்தில், ‘மூட்டை. மாத்தியாச்சு.’ பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

அந்த ஆலைக்கு மூட்டை கொண்டுபோனவர்கள் இரண்டு பேர். ஒருவன் பாலக்காட்டு ஷிபு. பத்தாம் நாளே டெங்கு வந்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்குப் பதில் ஆள் கிடைக்காமல், மிச்சம் முப்பது நாளும் தானே ஒற்றை ஆளாக மூட்டையைச் சுமந்ததைத் திருமூர்த்தி ஒவ்வொரு மீட்டிங்கிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கேமராக்களை மாட்டியதும் அவன்தான். எந்த மூலைக்கு எது எட்டாது என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

காலையிலிருந்து பேசிய பேச்சு ஒவ்வொன்றாகப் புரண்டு படுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி. நல்லவேளை, நல்ல தப்பு. பெத்தவகிட்ட இருந்து அதையும் புடுங்கறீங்களா. பேராசை பிடித்தவன், பிணத்தை விற்றுத் தின்கிறவன் என்று நினைத்துத்தானே மூன்று நாளாக அருவருத்துக்கொண்டிருந்தாள்? அது வெறும் பேராசையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது இருந்தது. அவன் ஐயாயிரம் தட்டு அடித்தது தட்டை விற்பதற்கு இல்லை. கேமைப் பற்றிய பேச்சு அடங்காமல், ஆறு லட்சம் பேர் அதற்குள் மாரப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனைக்கு முப்பத்தொன்று பத்திரம். அந்த முகமூடியைத் தைத்து, அளவு சரிபார்த்து, டிக் போட்டுக் கொடுத்தவள் தமயந்தி. கையில் இருந்த நோட்டைக்கூடத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. இனி அது தேவைப்படும்.

“அந்த ஆளு எங்கம்மா இருக்கான் இப்ப?” என்றாள் பாண்டீஸ்வரி.

“உங்க போன்ல படம் எடுக்கத் தெரியுமா?”

“தெரியும். பூ மார்க்கெட்டுக்கு எடுத்து அனுப்புவேன்.”

“வாங்க. நான் சொல்லற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க. வாசல் பக்கத்துல நின்னுக்குங்க, வாசல் முழுசாத் தெரியற மாதிரி.”

கண்ணாடி அறையில் திருமூர்த்தி மேஜை மேல் தட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். ஒன்றில் காப்பியை ஊற்றிப் பார்த்திருக்கிறான். பழுப்புத் தண்ணீருக்கு அடியில் அந்த வாய் திறந்துகொண்டிருந்தது. இன்னொரு பப்ஸ் பாதி தின்றபடி காகிதத்தில் எண்ணெய் கசிய இருந்தது.

“அடடே, யாரு, மோனிஷாவோட அம்மாவா? வாங்கம்மா, வாங்க, ஏன் அங்கயே நின்னுட்டீங்க?” உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டான். கண் கலங்கியமாதிரிகூட இருந்தது. “உங்க புள்ளைக்கு நியாயம் கிடைக்கணும்னுதாம்மா நான் இத்தனை பேருகூட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். அந்தச் சமையல்காரனைச் சும்மா விடமாட்டேன். அக்கா, அம்மாவுக்கு ஒரு தட்டு குடுத்து அனுப்புங்க, நம்ம ஞாபகமா வீட்டுல இருக்கட்டும்.”

பாண்டீஸ்வரி நிலைச்சட்டத்தில் முதுகைச் சாய்த்துப் போனை உயர்த்திப் பிடித்தாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எதுக்குங்க போனு?” என்றான் திருமூர்த்தி. “போட்டோவா? அக்கா, என்ன இது? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கறீங்க?”

தமயந்தி நீள நோட்டை விரித்து, காப்பித் தட்டைத் தள்ளிவிட்டு, அவன் முன்னால் வைத்தாள். முப்பத்தொன்றின் மேல் விரலை வைத்தாள்.

“திருமூர்த்தி, எந்திரிச்சு அந்த வாசலைத் தாண்டி ஒருக்கா நடந்து காட்டுங்க.”